எண்பத்து நான்கும் ஒன்றும்

கோலா கங்சார்,
மார்ச் 11

அன்புத் தங்கச்சி சரளாவுக்கு,

அண்ணன் பத்துமலை எழுதுவது. நானும் உன் அண்ணி கருப்பம்மாளும் நல்ல சுகம். ஈப்போவில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் இந்தக் காகிதம்.

சனிக்கிழமை சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணும்போது கட்சி ஏஜெண்டாக நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றாம் சாலுரான் என்றால் வயசாளிகள் ஓட்டுப் போடும் அறை, உனக்குத் தெரியும். நம் தோட்டத்துக் கிழடுகட்டைகள் அத்தனை பேரும் அதில்தான். சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். எண்பத்து நான்கு நமக்கு. ஒன்றே ஒன்று அந்தப் பக்கம். எதிர்க்கட்சி ஏஜெண்ட் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு உடம்பே கூசிப்போனது.

அது யார் என்று ஜோசியமா பார்க்க வேண்டும்? அடையாள அட்டையில் இன்னும் இந்த விலாசத்தை வைத்துக்கொண்டு, போன மாசம் அப்பாவு கடையில் 'இந்த ஒய்.பி.க்கு நான் போடமாட்டேன்லா' என்று நாலு பேர் முன்னால் சொன்னவள் நீதானே? அந்த மனுசன் நம் சட்டமன்ற உறுப்பினராக இல்லாவிட்டால் நம் கோயிலுக்குக் கூரை ஏது? உன் அண்ணியின் முட்டி ஆபரேசனுக்குக் கார் அனுப்பியது யார்? செய்தவரை மறக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

அடுத்த மாசம் திருவிழா. கோயில் கமிட்டிக்காரர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். 'தெரியாம மாத்திப் போட்டுட்டேன்' என்று வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
பத்துமலை


ஈப்போ,
மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தபால் பெட்டியில் கரண்டு பில்லைத் தவிர வேறொன்று கிடந்ததே, திட்டித்தான் எழுதியிருந்தீர்கள், ஆனாலும் சந்தோசம். சுரேன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் போடுவான். நாலு நிமிசத்தில் 'வேலை இருக்கும்மா' என்பான். மற்ற நாளில் டிவிதான் என்னோடு பேசுகிறது.

அந்த ஓட்டு என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் விழுந்த ஓட்டு என்று மட்டும் சொல்லமாட்டேன்.

அப்பா இறந்த அன்று, உடம்பைக் கொண்டுவர, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தோட்டத்து லோரியைக் கொடுத்தார் என்று இன்றைக்கும் உருகுகிறீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் இருந்தீர்கள். நான் அம்மாவோடு ஆபீஸ் வாசலில் நின்றேன், காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும். கிராணியை அம்மா மூன்று தடவை கும்பிட்டாள். முப்பது வருசம் அப்பா ரப்பர் பால் மரம் வெட்டிய தோட்டம் அது. லோரி சும்மாதான் நின்றது. உங்களுக்கு லோரி வந்தது ஞாபகம், எனக்கு அம்மா கும்பிட்டது ஞாபகம். நமக்குச் சேரவேண்டியதை யாராவது தயவு பண்ணுகிற மாதிரி நீட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது அண்ணே. தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த லயத்துக்காரர்கள் எல்லாருக்கும் சொந்த வீடு என்றார் உங்கள் ஒய்.பி. கூட்டத்துக்குப் போய்க் கைதட்டாத விமலாவுக்குக் கிடைத்ததா? புருசன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்?

அண்ணியின் முட்டி எப்படி இருக்கிறது? பால்குடத்துக்கு என் பேரையும் எழுதிவையுங்கள். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் என்னை 'அத்தை' என்று கூப்பிட ஆள் இருக்கிறது.

அன்புத் தங்கை,
சரளா


கோலா கங்சார்,
மார்ச் 25

தங்கச்சிக்கு,

அம்மா கும்பிட்டது எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை. ஆனாலும் லோரி வந்ததே சரளா. வராமலே போயிருந்தால்?

நேற்றுக் கமிட்டி கூடியது. 'தப்புன்னு ஒத்துக்கிட்டா வரட்டும்லா, இல்லாட்டி பால்குடத்துல பேரு வேணாம்' என்று தலைவர் நவமணி சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம் பிடிக்காதே அம்மா. உடனே பதில் போடு.

அண்ணன்


கோலா கங்சார்,
ஏப்ரல் 6

சரளா,

உன் பதில் வரவில்லை. இனி வந்தாலும் வராவிட்டாலும் நான் இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

ஓட்டுப் போட்ட அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து, வந்தவர்கள் பேர்மேல் கோடு போட்ட நம் கட்சிப் பையன் பவித்ரன் நேற்றுத்தான் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தான். உன் பேர்மேல் கோடு இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். நீ ஓட்டுப் போடவே வரவில்லை.

சாப்பிடும்போது உன் அண்ணியிடம் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

'எனக்குத் தெரியுங்க. நான்தான் போட்டேன். வீடு கிடைக்காம விமலா சாமான் செட்டோட ரோட்டுல நின்னாளே, அது மனசை விட்டுப் போகல. கமிட்டியில நானே சொல்லிடுறேன்.'

நான் வேண்டாம் என்றேன்.

நாற்பத்தொரு வருசம் ஒன்றாகச் சாப்பிட்டவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடம் அன்றைக்கே போனில் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் அடுப்படியில் இருக்கிறாள், நான் வாசலில் இருக்கிறேன்.

கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். நீ வெளியூர்க்காரி, உனக்கு வருசத்தில் ஒரு நாள்தான். அவள் இந்த ஜனங்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். அந்த ஓட்டு உன்னுடையதாகவே இருக்கட்டும். இந்த வருசம் திருவிழாவுக்கு வராதே.

பத்துமலை


ஈப்போ,
ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இருக்கட்டும். அண்ணி அன்றைக்குப் போனில் அழுதபோதே, வாயைத் திறக்காதீர்கள் என்று நான்தான் சொன்னேன். பால்குடத்தன்று இங்கேயே ஒரு செம்புப் பாலை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன்.

நான் ஏன் ஓட்டுப் போட வரவில்லை என்று நீங்கள் கேட்கவேயில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். நீங்கள் உட்கார்ந்து எண்ணப்போகிற பெட்டியில் உங்களுக்கு எதிராகப் போட மனசு வரவில்லை, திரும்பிவிட்டேன். அண்ணனுக்காக விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். எண்பத்து நாலு பேருக்கு நடுவில் அண்ணியை ஒற்றையாக விட்டுவிட்டேன் என்பது உங்கள் முதல் காகிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

வெளியூர்க்காரி என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் அண்ணே தாங்கமுடியவில்லை. நான் பிறந்த லயம் அது.

விலாசத்தை மாற்றமாட்டேன். அடுத்த தேர்தலுக்குக் கட்டாயம் வருவேன். எண்ணுவதற்கு நீங்களே உட்காருங்கள். அந்தப் பக்கம் இரண்டு சீட்டு இருக்கும். இரண்டும் உங்கள் வீட்டு ஓட்டுதான்.

சரளா