மேட்டில் நின்ற இரண்டு விநாடி

நேற்றுத் திருச்செங்கோட்டு மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில், கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் அடித்தது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, மாமா. மற்றவர்களுக்குச் செத்துப்போன புருஷனின் ஞாபகம் விபூதி வாசனையில் வருமாம். எனக்கு வாய்த்தது இது.

முன்னால் நின்ற காரில் உங்களைப் போலவே ஒரு மகராசன். ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், அரைக் கிளட்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்தி உறுமிக்கொண்டிருந்தார். வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. பக்கத்துக் கதவைத் திறந்து அவர் மனைவி இறங்கினாள். கையில் கல்.

நீங்களும் அப்படித்தானே! போர்வெல் போடும் ரிக் லாரியில் நாலு மாநிலம் சுற்றியவராம். "ஹேண்ட் பிரேக்கப் போட்டு மேடு ஏத்தறவனெல்லாம் ஒரு டிரைவரா? அரைக் கிளட்சுல நிக்கோணும்" என்று பீற்றிக்கொள்வீர்கள். பிளேட் கருகினால் ரோட்டைத் திட்டுவீர்கள். மேடு வந்தால், "ஏ புள்ள, எறங்கிக் கல்லு வை" என்பீர்கள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். சாமிக்குப் பூ வைத்ததைவிட உங்கள் பின்சக்கரத்துக்குக் கல் வைத்ததுதான் அதிகம்.

நான் லைசென்ஸ் எடுத்த புதிதில் இதே வளைவில் என்னை ஓட்டவிட்டீர்கள். வண்டி அணைந்து கொஞ்சம் பின்னால் உருண்டது. அவ்வளவுதான். ரோடே கேட்கும்படி சிரித்தீர்கள். "தோசக்கல்லு புடிக்கற கைக்கு ஸ்டேரிங் எதுக்கு சாமி?" சாவியைப் பிடுங்கிக்கொண்டு என்னை இறக்கிக் கல் வைக்கச் சொன்னீர்கள். நான் வைத்து முடிப்பதற்குள் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள். சக்கரம் கல்லைத் தள்ளி என் இடது காலை நசுக்கியது. சன்னலில் தலையை நீட்டி நீங்கள் சொன்னது இதுதான்: "ஒரு கல்லுகூட ஒழுங்கா வெக்கத் தெரில பாரு." அதன்பிறகு நான் சாவியைக் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு வாங்கிய இந்த வண்டியில் ஒரு வசதி இருக்கிறது. மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் இரண்டு விநாடி வண்டியே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்சை விட்டால் ஏறிவிடும். ஷோரூமில் சொன்னபோது நான் நம்பவில்லை.

நேற்று முன்னால் நின்ற கார் ஓரங்கட்டியதும் என் முறை வந்தது. இந்த வளைவில் மறுபடி பின்னால் உருண்டால் இனி ஸ்டேரிங்கையே தொடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நம் மகள்.

"பயப்படாதீங்கம்மா, கால எடுங்க. வண்டி புடிச்சுக்கும்."

எடுத்தேன். நின்றது. அங்குலம்கூட நகரவில்லை. கிளட்சை விட்டேன், ஏறிப்போனது.

ஓரத்தில் அந்த மகராசன் ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கல்லோடு பின்சக்கரத்தருகே குனிந்திருந்தாள். "ஏனுங்க, மொதல்ல அங்கிருந்து எந்திரிங்க! அவரை ஹேண்ட் பிரேக்கப் போடச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அவள் எழுந்துகொண்டாள்.

இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. பார்த்திருந்தாலும் வண்டியைத்தான் பாராட்டியிருப்பீர்கள். பாராட்டுங்கள்! அது எனக்கு இரண்டு விநாடி கொடுத்தது. நீங்கள் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

இடது கால் பெருவிரலில் இன்றுவரை நகம் முளைக்கவில்லை. அந்தக் காலால்தான் கிளட்சை மிதிக்கிறேன், மாமா.