ஜூனிபரின் எண்பத்தொன்றேகால் அங்குலம்

கெர்வில், டெக்ஸாஸ்
மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜூனிபரின் கொம்பு நுனிக்கு நுனி எண்பத்தொன்றேகால் அங்குலம். அளந்த மூவரும் கையெழுத்திட்ட தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எண்பதைத் தாண்டிவிட்டதால் நீள்கொம்பு மாடு வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டுப் பட்டியலில் நம் பண்ணைப் பெயர் முதன்முறையாக வருகிறது. இனி அவள் கன்றுகளைத் தேடி ஆள் வரும். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

நேற்று அளக்கும் கூண்டில் அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததில் இரண்டு முறை நாடா நழுவியது. "இன்னும் ஒரே தடவைதான் டெல்லா. இல்லேன்னா அடுத்த வருஷம் வா" என்றார் அளப்பவர் வெண்டல். நான் டிரக்குக்கு ஓடினேன். தீவனத்துக்கு நீங்கள் அடிப்பதுபோல ஹாரனை இரண்டு முறை நீளமாகவும் ஒரு முறை குறுக்கியும் அடித்தேன். ஜூனிபர் தலையைத் தூக்கி அசையாமல் நின்றாள், அளந்துவிட்டார்கள். ஆனால், மைதானத்தில் இருந்த மற்ற நூற்றிருபது மாடுகளும் தீவன வண்டி வந்துவிட்டதென்று கத்த ஆரம்பித்தன.

"அப்படியே உங்கப்பன் புத்தி! இப்ப இதுங்களுக்கெல்லாம் யாரு தீனி போடறது?" என்று சிரித்தார் சங்கச் செயலாளர் ஒடெசா அம்மாள்.

"நான்தாங்க" என்றேன். வைக்கோல் சுமந்ததில் தோள் கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மாதம் முழுக்க ஜூனிபர் நான் வேலை செய்யும் பண்ணையில்தான் இருப்பாள். மாலையில் மந்தைக்கு ஹாரன் அடிக்கும்போது எனக்குப் போன் போடுங்கள். அவள் கேட்கட்டும் என்றுதான்.

பட்டியலின் அட்டையில் எந்த மாட்டின் படம் என்பது மட்டும் பாக்கி. வியாழன் மாலை ஓட்டெடுப்பு. வெள்ளி காலை ஒன்பதுக்குள் ஒடெசா அம்மாள் உங்களையே கூப்பிடுவார். போனை டிரக்கில் விட்டுவிடாதீர்கள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

டெல்லா