பாதை திறந்தது தெரியாமல் பத்து நாள் சுமந்த நெல்

அனுப்புநர்:
ஜெயசித்ரா, க/பெ ஆதிமூலம்,
ஏரிக்கரைத் தெரு, கரியமாணிக்கம்,
நெட்டப்பாக்கம் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
இலவச சட்ட உதவி மையம், புதுச்சேரி.

பொருள்: வழக்கின் நிலையை வழக்கறிஞர் எனக்குப் புரியும்படி எழுதி அனுப்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் ஒரு காணி நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் பக்கிரி கடந்த ஆடியில் வேலி போட்டு அடைத்தார். தங்கள் மையம் அமர்த்திய வழக்கறிஞர் புகழேந்தி என் வழக்கை நடத்துகிறார். தங்கமான மனிதர். கோர்ட்டில் அவர் பேசும்போது என் கஷ்டம் எனக்கே புதிதாகத் தெரியும். குறை அவர் எழுத்தில்தான்.

2. ஜனவரி 20 அன்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முழுச் செய்தி: "ஐ.ஏ. அலவ்டு. ஓ.எஸ். பெண்டிங். நெக்ஸ்ட் 18.2." இதில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை பெண்டிங். ஆகவே பாதை கிடைக்கவில்லை என்று முடிவு கட்டினேன். போன் செய்து கேட்காதது என் தப்பு. அறுவடை மெஷின் வேலிக்கு வெளியே ஒரு நாள் நின்றுவிட்டு ஏம்பலம் போய்விட்டது. விளைந்த நெல் சாயத் தொடங்கவே, ஆறு பேர் கையால் அறுத்து, ஏரிக்கரையைச் சுற்றித் தலையில் சுமந்தோம். என் கழுத்து இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

3. பத்தாம் நாள், பால் சொசைட்டி வரிசையில் பக்கிரியே தன் போனை நீட்டி, "இன்னாக்கா, நம்ம ரெண்டு பேர்ல யாருதான் ஜெயிச்சது?" என்று கேட்டார். அவர் வக்கீல் அனுப்பியதும் இதே லட்சணம். இருவரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனோம். வழக்கு முடியும்வரை பாதையை அடைக்கக் கூடாது என்று 20ஆம் தேதியே உத்தரவானதைக் குமாஸ்தா படித்துச் சொன்னார். ஐ.ஏ. என்றால் பாதைக்காகப் போட்ட இடைக்கால மனுவாம், அது ஏற்கப்பட்டதாம்; ஓ.எஸ். என்றால் மூல வழக்காம், அதுதான் பெண்டிங்காம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பக்கிரி அன்று சாயங்காலமே வேலியைப் பிரித்தார். மிச்சமிருந்த அரைக்காணியை மெஷின் அறுத்தது.

4. வழக்கறிஞர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் அன்று என்ன நடந்தது, இனி நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, அடுத்த தேதிக்கு வர வேண்டுமா என்று தமிழில் எழுதச் சொன்னால் போதும். மாதிரிக்கு நானே எழுதிப் பார்த்தேன்:

"அம்மா, வழக்கு முடியவில்லை. ஆனால் அதுவரை உங்கள் மெஷின் பாதையில் போகலாம். வேலியை நீங்களாகப் பிடுங்காதீர்கள். பக்கிரி எடுக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். 18ஆம் தேதி நீங்கள் ............"

இதுவும் அதே போனில் அடங்குகிறது. கடைசி இடத்தைக் காலியாக விட்டதற்குக் காரணம், வர வேண்டுமா வேண்டாமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. 18ஆம் தேதிக்குள் அதை அவர் நிரப்பித் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வர வேண்டுமென்றால் பக்கிரிக்கும் சேர்த்தே பஸ்ஸில் இடம் பிடிப்பேன்.

நாள்: 04.02.2026
இடம்: கரியமாணிக்கம்

நெல் வீடு சேர்ந்த நிம்மதியுடன்,
ஜெயசித்ரா (வாதி)
பக்கிரி (பிரதிவாதி, இந்த மனுவில் மட்டும் அக்கா கட்சி)