பாய் ஏறினால் அணையும் விளக்கு

ஜூலை 22, செவ்வாய்

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன் இன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் கையால் துவைத்துப் போட்டுவிட்டு, வீட்டு பைக் முன்னாலேயே கிளம்பிவிட்டதால் படப்பையில் ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடத்துக்கு ஓடினால், ஷெட் வாசலில் லாரி. அதன் மேல் போன டிசம்பரில் நாங்கள் கட்டி அனுப்பிய பாய்மரப் படகு. பாய் ஏற்றும் கம்பத்தை, மாஸ்டை, கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். திரும்பி வந்த படகைப் பார்த்ததும் பையைக்கூட வைக்காமல் லாரியிடம் போனேன். இங்கே வயரிங் செக்கிங் என் பொறுப்பு.

பின்னாலேயே காரில் படகுக்காரர் செல்வநாதன் சாரும் அவர் மனைவி அந்தோணிமேரி அம்மாவும். மாஸ்ட் உச்சியில் இருக்கும் விளக்கு கடலில் அணைந்து அணைந்து எரிகிறதாம். மாமல்லபுரத்துக்கு நேரே இருட்டில் வரும்போது சுத்தமாக அணைந்துபோய், ஒரு விசைப்படகு இடிக்கிற தூரத்துக்கு வந்து திரும்பியதாம். சொல்லும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் ஜில்லென்று இருந்தது.

"ஒரே விளக்குதாம்மா, மூணு நிறம். படகோட இடப்பக்கம் இருக்கறவனுக்குச் சிவப்பு தெரியும், வலப்பக்கம் பச்சை, பின்னாடி வர்றவனுக்கு வெள்ளை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிஞ்சா, படகு நேரா அவனைப் பாத்து வருதுன்னு அர்த்தம். விளக்கே இல்லேன்னா எங்க மேல ஏறிடுவான்" என்றார் சார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு இரண்டு பேரும் இதே படகில்தான் போகப் போகிறார்கள். வேண்டுதலாம். ராத்திரியும் கடலில்தான்.

ஜூலை 23, புதன்

ஃபியூஸ் பார்த்தேன். சுவிட்ச் மாற்றினேன். மாஸ்ட் அடியில் இருக்கும் பிளக்கைப் பிரித்துத் துடைத்துப் போட்டேன். மீட்டர் எல்லாம் சரி என்கிறது. கிரேன் வைத்து மாஸ்டை நிறுத்தி, விளக்கைப் போட்டால் ஜம்மென்று எரிகிறது. ஒரு தடவை கண் சிமிட்டியிருந்தால்கூடக் கும்பிட்டிருப்பேன்.

ஓனர் நரசிம்மன் சார் வந்து அண்ணாந்து பார்த்தார். "எரியுதே. கஸ்டமருக்கு சுவிட்ச் போடத் தெரில. பல்பை மாத்தி, ஓகேன்னு கையெழுத்து போட்டு அனுப்பு எழிலரசி."

நாளைக்குப் போடுகிறேன் சார் என்றேன். எப்படி வாய் வந்ததோ.

ஜூலை 24, வியாழன்

எரிகிறது. சனியன், எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

வீட்டில் சண்டை.

அந்த மாஸ்டுக்குள் வயர் இழுத்தவர் இவர்தான். (டில்லிபாபு என்று எழுதினால் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது. இவர் என்றே எழுதுகிறேன்.) இருங்காட்டுக்கோட்டையில் கார் லைனில் வயரிங் வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நான்தான் நரசிம்மன் சாரிடம் கெஞ்சிக் கூட்டி வந்தேன். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

வெளியே எல்லாம் பார்த்தாயிற்று, உச்சி மூடியில் ஒட்டியிருக்கும் சீலன்ட்டை வெட்டி உள்ளே பார்க்கணும் என்றேன். அவ்வளவுதான்.

"எத்தினி வருசமா வயரிங் போட்டுகினு கீறேன். என் வேலை மேல இன்னா டவுட்டு உனக்கு?"

"டவுட்டு இல்லப்பா. ரெண்டு பேர் உசுரு."

"அத்தப் பிரிச்சு எதுனா இருந்துச்சுன்னா ஓனர் யாரை வெளிய போவச் சொல்லுவாரு? யோசிச்சியா?"

யோசிக்காமலா இருப்பேன். மூன்று நாளாக வேறு என்ன யோசிக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. விளக்குதான் எரிகிறதே, யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? அந்த அம்மாவின் விரல் ஜில்லென்று இருந்தது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ். வரிசையில் தூக்குவாளியோடு நின்றேன். மூங்கில் சாரத்தில் சீரியல் பல்பு அம்மன் வைத்திருந்தார்கள். ஆடிக் காற்று ஒரு தள்ளு தள்ளியது — அம்மனின் சூலம் பிடித்த கை மட்டும் அணைந்தது. காற்று நின்றதும் எரிந்தது. மறுபடி தள்ளியது, மறுபடி அணைந்தது.

கூழை வாங்காமலே வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

நாங்கள் பாய் ஏற்றாமல்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்! கடலில் பாய் ஏறும், காற்று இழுக்கும், மாஸ்ட் வளையும். ஷெட்டில் அது மின்கம்பம் மாதிரி சும்மா நிற்கிறது. எரியாமல் என்ன செய்யும்?

ஜூலை 28, திங்கள்

"ஒரகடத்துல பாய் ஏத்தப் போறியா?" என்று நரசிம்மன் சார் சிரித்தார். சிரித்தாலும் ஆள் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரம், ஷெட்டுக்குப் பக்கத்துக் காலி மனை. படகை டிரெய்லரோடு ஃபோர்க்லிஃப்டில் பெல்ட் போட்டுக் கட்டினோம். பாயைப் பாதிதான் ஏற்றினோம். அதற்கே ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் நின்றுவிட்டன. கயிற்றைப் பிடித்திருந்தது இவர். நான் விளக்கைப் பார்த்தபடி நின்றேன்.

"இன்னும் இழுங்க."

இழுத்தார். வாலாஜாபாத் பக்கமிருந்து காற்று வந்தது. பாய் உப்பியது, மாஸ்ட் முனகியது, விளக்கு அணைந்தது.

கயிற்றைத் தளர்த்தினார். எரிந்தது. இழுத்தார். அணைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கைதட்டணும் போல இருந்தது. அப்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே, எதனால் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

மாஸ்டை இறக்கி உச்சி மூடியைத் திறந்தோம். விளக்குக்கு ஏறிப் போவது ஒரே ஒரு வயர். திரும்பி வர வேண்டிய வயரே இல்லை. அதற்குப் பதில் விளக்கின் கறுப்பு வயரை மூடியிலேயே ஸ்க்ரூ போட்டு முறுக்கி, கீழே மாஸ்டிலிருந்து பிளக்குக்கு ஒரு துண்டு வயர்.

பாடி எர்த். காரில் அப்படித்தான் செய்வார்கள். உடம்பு முழுக்க இரும்பு. போக ஒரு வயர் கொடுத்தால் போதும், திரும்பும் வழியைப் பாடியே பார்த்துக்கொள்ளும். இவர் கை பழகிய பழக்கத்தில் அலுமினிய மாஸ்டைக் கார் பாடியாக நினைத்துவிட்டது. டிசம்பரில் எரிந்தது, நானும் ஓகே சொன்னேன். ஆனால் கடலில் உப்பு. மூடிக்கும் மாஸ்டுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பாய்க் கயிறு அந்த மூடி வழியாகத்தான் ஓடுகிறது. அது இழுக்கும்போதெல்லாம் மூடி நகர்ந்து, தொடுப்பு விட்டுப்போகிறது.

"யார் வேலை இது?" என்றார் நரசிம்மன் சார்.

இவர் ஸ்க்ரூவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். சார் என்னையே பார்த்தார்.

"டில்லிபாபு" என்றேன்.

முழுப் பெயரும் என் வாயிலிருந்து வந்தது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நானே செய்தேன் என்றா? பொய்தானே. பொய்யே சொல்லியிருக்கலாமோ?

ஜூலை 31, வியாழன்

பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். ஒரே பைக்கில் போகிறோம், ஒரே பைக்கில் வருகிறோம். வழியில் நான்தான் ஏதோ தக்காளி விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டு வயரையும் கடைசி வரை இழுத்து, சால்டரிங் வைத்து, உறை போட்டு முடித்துவிட்டார். என்னை ஸ்பேனர்கூட எடுத்துக் கொடுக்க விடவில்லை. மறுபடி காலி மனை, மறுபடி பாய். இந்த முறை முழுப் பாய். விளக்கு அசையவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கடலில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும், படகுக்காரரோடு யாராவது போங்கள் என்றார் சார். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"நான் போறேன் சார்" என்றார் இவர்.

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனால்கூடக் கரையிலேயே நிற்கிற மனுஷன். நீச்சல் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் வயரிங்கை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

ஆகஸ்ட் 6, புதன்

காசிமேடு. லைஃப் ஜாக்கெட்டில் இவரைப் பார்க்க யாரோ போல இருந்தது. செல்வநாதன் சார் கை கொடுத்து ஏற்றினார். இவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தடுப்புக்கல்லில் நானும் அந்தோணிமேரி அம்மாவும். இருட்டியதும் வெள்ளை தெரிந்தது. போகிறார்கள். அம்மா ஜெபமாலை உருட்டினார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அணைந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. வெள்ளை சின்னதாகிக்கொண்டே போனது. அப்போது ஒரு விசைப்படகு குறுக்கே வந்து மறைத்தது. அது நகர்ந்த பிறகு பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. வெறும் இருட்டு.

அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டார். எனக்கு அந்தப் பெயரைச் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் இவர் இப்போது வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

கொஞ்சம் வடக்கே தள்ளி, சிவப்பு. திரும்புகிறார்கள்! கொஞ்ச நேரம் சிவப்பு மட்டும். பிறகு அதை ஒட்டினாற்போலப் பச்சையும் வந்தது. இரண்டும் சேர்ந்து, அசையாமல், பெரிதாகிக்கொண்டே வந்தன. அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.

கரையேறியதும் இவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். தட்டிவிடவில்லை. நரசிம்மன் சாருக்கு போன் போட்டு, எரிந்தது என்று சொன்னேன். "சரி, அடுத்த மாஸ்டு வந்துருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்துடுங்க" என்று வைத்துவிட்டார். அதை இவரிடம் சொன்னேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு இவர் சொன்னது: "பசிக்குது எழிலு."