ஈரத் தரை

என் பட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்லுவாய். உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது, பதில் எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன். தம்பி பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறானாம், அவன் வாயால் சொன்னதுதான். அப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் போங்கள் என்றால் வீட்டிலேயே நர்ஸ் இருக்கும்போது எதற்கு என்கிறார், நர்ஸ் பேச்சை மட்டும் கேட்டுவிட்டாரா. நேற்றும் சாப்பிட்டு முடித்ததும் ஸ்பூன்களை எண்ணினேன். எங்கள் மனநல வார்டில் ஒரு ஸ்பூன் குறைந்தாலும் நாற்பது படுக்கையையும் உதறிப் பார்க்க வேண்டும், அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. எல்லா ஸ்பூனும் சரண்டர் ஆயிடுச்சு சிஸ்டர், நாங்க எந்திரிக்கலாமா என்று கேட்கிறான் தம்பி. அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டியூட்டியில், உங்கள் மனநல வார்டில் தரை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது, கட்டில் கம்பியில் இடித்துப் புருவத்தில் நாலு தையல் என்று எழுதியிருந்தாய். அப்பா நம்பிவிட்டார், பிள்ளையை வேறு செருப்பு வாங்கச் சொல்லு என்றார். நான் நம்பவில்லை பட்டு. அந்த வாக்கியம் என்னுடையது. உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் என் கையால் எழுதியது, அன்றே வீட்டுக்கு வந்து உன்னிடமும் சொன்னது. நீ என் கன்னத்தை ஊதிவிட்டாய். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு வாத்தியார் என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு நோயாளி, பரம சாது. அவர் சிந்திய டீயைத் துடைக்க முதுகுப் பக்கமாகப் போய்க் குனிந்தேன், பயந்துபோய் டம்ளரோடு கையை வீசிவிட்டார். அடித்துவிட்டு அவர்தான் அழுதார். பெரிய சிஸ்டர் பதிவேட்டை என் முன்னால் விரித்து, "அடிச்சாருன்னு எழுதினா விசாரணை வரும், உனக்குச் சமாளிக்கத் தெரியலன்னுதான் முடிப்பாங்க. தரை ஈரம்னு எழுதிட்டுப் போம்மா" என்றார். எனக்கு இருபத்தைந்து வயது, வேலை நிரந்தரமாகவில்லை, எழுதிவிட்டேன். ஒன்பதாம் நாள், புதிதாகச் சேர்ந்த பெண், சின்னவள் என்போம், வாத்தியாருக்குப் பின்னாலிருந்து போர்வையைச் சரிசெய்யப் போனாள். மறுபடியும் பயந்து கையை வீசிவிட்டார், அவளுக்கு வலது கண்ணில் பார்வை போய்விட்டது. பின்பக்கமாகப் போகாதே என்கிற ஒரு வரி அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் நான் தரையை ஈரமாக்கி வைத்திருந்தேன். வாத்தியாரைத் தனி அறையில் பூட்டினார்கள், அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. சின்னவளைப் பார்க்கப் போனேன், கட்டுப்போட்ட கண்ணோடு "உங்க கன்னத்துல என்னக்கா காயம்" என்று கேட்டாள். வழுக்கி விழுந்தேன் என்றேன்.

இப்போதும் நாற்பது பேருக்கு இரண்டு பேர்தான் நிற்கிறோம். துணி அறையில் ஓர் உடைந்த நாற்காலி இருக்கிறது, முறை வைத்து அழுவோம், ஆளுக்கு ஐந்து நிமிடம், நேரம் ஆனதும் அடுத்தவள் கதவைத் தட்டி என் பங்கையும் சேர்த்து அழாதேடி என்பாள். மூன்றாவது ஆள் கேட்டோம், போன மாதம் மன அழுத்தத்துக்கு வகுப்பு வைத்தார்கள். வந்தவர் கண்ணை மூடி அருவியை நினைக்கச் சொன்னார். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கு அருவிக்குக் கீழே தரைதான் தெரிந்தது.

நாளைக்கே போய்ப் பதிவேட்டைக் கேள். பழையதை அடிக்காதே, கீழே புதிதாக எழுது. யார், எத்தனை மணிக்கு, நீ எந்தப் பக்கமிருந்து போனாய், அவர் எதற்குப் பயந்தார் என்று எழுது. அது அவர் மேல் புகார் இல்லை, அவரையும் காப்பாற்றுவது அதுதான். உன் மேலதிகாரி தேனொழுகப் பேசுவார், தலையை ஆட்டிக்கொண்டே எழுது. வேலை போனால் வீட்டுக்கு வா, இங்கே ஸ்பூன் எண்ண ஆள் தேவை. இந்தப் பதினோரு நாளில் நான் முதலில் எழுதி முடித்தது, அன்று நடந்ததைச் சொல்லிச் சின்னவளுக்கு ஒரு கடிதம். பதில் இல்லை. பதில் கேட்க எனக்கு என்ன உரிமை.

உன் கண் இரண்டும் நன்றாக இருக்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு. தையல் பிரித்த தழும்பில் வெயில் படவிடாதே. உனக்கு அடுத்த ஷிப்டுக்கு வருகிறவளிடம் மறக்காமல் சொல்லு.

இப்படிக்கு,
அன்று வழுக்கி விழாத
உன் அம்மா