மாதாவின் கன்னத்தில்

ஸ்டுட்கார்ட், 14.11.1996, வியாழன்

இன்று மாதாவின் முகத்தை நான்தான் சுத்தம் செய்தேன். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிளெமிஷ் ஓவியர் வரைந்த முகம். எங்கள் அருங்காட்சியகப் பட்டறையில் அதை இலேசில் யாரையும் தொட விடமாட்டார்கள்.

பஞ்சுக் குச்சியை நாவில் நனைத்து, மெழுகுதிரிப் புகைக் கறையை மெல்ல மெல்ல எடுத்தேன். அந்தப் பழைய சாயத்துக்கு எச்சில்தான் பதம். மத்தியானத்துக்குள் கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி தெளிந்து வந்தது. அப்படியொன்று இருப்பது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பொறுப்பாளர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில், இரவு வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதுதான் பிழை.

"மாதாவின்ர முகத்திலை எச்சிலோ? உனக்கென்ன விசரே?"

எங்கள் வீட்டில் ஒருவர் வாய் வைத்த கோப்பையில் இன்னொருவர் குடிக்கமாட்டார்.

"இங்கை எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை, அம்மா."

அவர் செபமாலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

செபம் முடிந்ததும் கதவைத் திறந்தார்.

"நாளைக்கும் அந்த முகமோ?"

"ஓம்."

"கவனம் பிள்ளை. அந்தக் கண்ணீரையும் சேர்த்துத் துடைச்சுப் போடாதை."