அஞ்சு என்று காதில் விழுந்தது

ஆரியசாலை,
ஞாயிறு காலை.

என் ஸ்வப்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம், நான் சுகத்துக்கும் ஒரு படி மேலே. அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை பத்மகுமாரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால் மனசு நிறையும். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே அம்மா உன் முதுகு என்று தொடங்கிவிடுவாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். மக்களே, என்னைப் போட்டிக்குச் சேர்த்துக்கொண்டார்கள்! அடுத்த மாதம் கொல்லத்தில், அறுபது தாண்டிய பெண்களுக்கான பளு தூக்கும் போட்டி. எழுதும்போதே கை துள்ளுகிறது, எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

எங்கள் கோச் ஆதிரா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். இருபத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து தோளுக்கு மூன்று தடவை, மூன்றும் ஒரே மாதிரி ஏற்றிக் காட்டினால்தான் என் பெயரை அனுப்புவாள். நேற்று சனிக்கிழமை கடைசி நாள். போட்டியில் ஒரு தடவை தூக்கினால் போதுமே, பயிற்சியில் எதற்கு மூன்று மூன்றாக என்று முதலில் நானும் வாதாடினேன். பிறகு கணக்கு டீச்சரான எனக்கே புரிந்தது. ஒரு பிள்ளை ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் தெரிந்து போட்டதா, குருட்டாம்போக்கில் வந்ததா என்று சொல்ல முடியாது. அதே மாதிரி மூன்று கொடுத்தால் தெரிந்துவிடும். எடையும் போட்டியில் தூக்குவதைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் உடம்பு பயப்படாமல் வழியைப் படித்துக்கொள்கிறது, பெரிய வகுத்தலுக்கு முன்னால் சின்ன வகுத்தல் கொடுப்போமே அதுபோல. ஆனால் மூன்று வாரமாக என் மூன்றாவது மட்டும் கோணல். முதுகு வளையும், முழங்கை தொங்கும். கடைசிப் பீரியடில் மணி அடிக்கும் முன்பே பையைக் கட்டும் பிள்ளைகள் மாதிரி, இதுதான் கடைசி என்று தெரிந்ததும் என் மனசு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. அப்பா வேறு, சாலைக் கடையிலே சாக்கு தூக்க ஆள் இல்லையாம், உன்னைச் சொல்லி வைக்கட்டா என்பார். தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவிடுவதும் அவர்தான்.

நேற்று இரண்டாவதைக் கீழே வைத்து மூச்சு வாங்கும்போது ஆதிரா அஞ்சு, அஞ்சு என்று கத்தினாள். பாவி, மூன்றை ஐந்தாக்கிவிட்டாளே என்று நினைத்தேன். பரீட்சை ஹாலில் எதிர்த்துப் பேசக்கூடாது என்று எத்தனை பேருக்குச் சொன்னவள் நான், மறுபடி கம்பியைப் பிடித்தேன். இன்னும் மூன்று கிடக்கிறதே என்ற கவலையில் மூன்றாவதை அவசரமில்லாமல் எடுத்தேன், நான்காவதும் அப்படியே, ஐந்தாவதிலும் முதுகு அசையவில்லை. நிமிர்ந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எங்களோடு பயிற்சி செய்யும், பாங்கில் வேலை பார்க்கும் அஞ்சு என்ற பெண், ஆதிராவின் குடையை மாற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், கூப்பிட்டது அவளை! எந்தா டீச்சரே, மூணு பறஞ்ஞா அஞ்சு எடுக்குமோ என்று ஆதிரா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இவளுக்கு எண்ணவே தெரியல்லியே, பெறகு பிள்ளேளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தா என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு அவர் கைதட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அந்த நிமிஷமே ஆதிரா என் பெயரைப் போட்டிக்கு அனுப்பிவிட்டாள்.

முதுகை டாக்டரிடமும் காட்டினேன், தூக்கலாம் என்றார், அதனால் சண்டைக்கு வராதே. படிவத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா பெயரை எழுதப் போனேன், அங்கே மயங்கி விழப்போறவனே நான்தான், வேற ஆளைப் போடு என்றுவிட்டார். உன் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன், உன்னிடம் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போட்டி அன்று ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள், அடித்தால் பதறாமல் எடு. தூக்கிவிட்டேன் என்று சொல்ல, கூப்பிடுவது நானாகத்தான் இருக்கும்.

உன் அம்மா
பொன்னம்மை